தோற்கிற டீமோடு ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருப்பது எப்படி

ஒவ்வொரு ஆகஸ்டும் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். ரசம் ஊற்றும்போது யாராவது ஒருவர் இங்கத்திய அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றிக் கேட்டுவிடுவார்: "அக்கா, ஃபுட்பால் டிக்கெட் வாங்கலாமா? டீம் தோத்துக்கிட்டேதான் இருக்காமே?"

வாங்குங்கள். ஆனால் தோற்கும் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஜெயிக்கிற டீமைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோற்கிற டீமைப் பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். நான் பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபாயெட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2024 சீசன்.

அந்த வருஷம் பர்டூ ஆடியது 12 ஆட்டம். ஆகஸ்ட் 31 அன்று இந்தியானா ஸ்டேட்டை 49-0 என்று அடித்துத் துவைத்தார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஹட்சன் கார்ட் எறிந்த 25 பந்தில் 24 கைக்குப் போய்ச் சேர்ந்தது, அதில் நாலு டச்டவுன். பர்டூவின் ராஸ்-ஏட் மைதானத்துக்கு நூறாவது ஆண்டு வேறு. வெயிலில் நின்று கத்தித் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தோம். அதற்கப்புறம் ஆடிய 11 ஆட்டமும் தோல்வி.

முதலில் அட்டவணையைப் படியுங்கள்

சீசன் தொடங்கும் முன்பே ஆட்ட அட்டவணையை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். பென்சிலால் மூன்று வகையாகக் குறியுங்கள்: நம் கைக்கு எட்டாதது, கைக்கு எட்டக்கூடியது, ஜெயித்தே ஆக வேண்டியது. இதைச் செய்யாமல் போனால் எல்லாத் தோல்வியும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுபோலத் தெரிந்தால் அக்டோபரிலேயே வெறுத்துப்போகும்.

2024-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு அந்த வருஷம்தான் முதல்முறையாக 12 டீம்கள் தேர்வாயின. அந்த 12-ல் ஐந்து டீமோடு பர்டூ மோத வேண்டியிருந்தது: நோட்ரே டேம், ஆரிகன், ஒஹையோ ஸ்டேட், பென் ஸ்டேட், இந்தியானா. கடைசியில் இறுதிப்போட்டி ஆடியதே இவர்களில் இரண்டு பேர், ஒஹையோ ஸ்டேட்டும் நோட்ரே டேமும். அந்த ஐந்து ஆட்டத்தின் கணக்கு 7-66, 0-35, 0-45, 10-49, 0-66. கூட்டிப் பார்த்தால் நாம் எடுத்தது 17, கொடுத்தது 261.

மற்ற ஆறு தோல்வியைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆரிகன் ஸ்டேட், நெப்ராஸ்கா, விஸ்கான்சின் மூன்றிடமும் தெளிவாகத் தோற்றோம். இல்லினாயிடம் ஓவர்டைமில் ஒரே ஒரு புள்ளி, 49-50. நார்த்வெஸ்டர்னிடம் மறுபடி ஓவர்டைம், 20-26. மிச்சிகன் ஸ்டேட்டிடம் 17-24. இந்த மூன்று மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் நாலு வெற்றி, எட்டுத் தோல்வி, அதாவது 4-8. நல்ல சீசன் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் 1-11 என்ற எழுத்தைப் பார்த்து "இவங்களுக்கு விளையாடவே தெரியாது" என்று சொல்பவரிடம் இந்த மூன்று ஆட்டத்தையும் எடுத்துக் காட்டலாம்.

டிக்கெட்டுக்குக் காசு எண்ணிச் செலவழிக்கும் மாணவர் என்றால் கைக்கு எட்டக்கூடிய ஆட்டமாகப் பார்த்துப் போங்கள். பெரிய டீம் வரும் நாளில் விலையும் அதிகம், வந்து உட்கார்ந்தவர்களில் பாதி எதிர்க்கட்சி.

ஒரு கணக்கையும் மனசில் வையுங்கள். சீசனில் 12 ஆட்டம். டிசம்பரில் கூடுதலாக ஒரு பௌல் ஆட்டம் ஆட வேண்டும் என்றால் பொதுவாக ஆறு வெற்றி தேவை. ஏழாவது தோல்வி விழுந்தால் அந்தக் கதவு மூடிவிடும். 2024-ல் அது நவம்பர் 2 அன்று மூடியது. அன்றைக்குத் துக்கப்படுங்கள், தப்பில்லை. மறுநாளிலிருந்து வேறு விஷயத்துக்காகப் பார்க்கத் தொடங்குங்கள்.

ஸ்கோர் பலகையை விட்டு நோட்டுக்கு வாருங்கள்

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

எங்கள் இருக்கைக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் உட்காருவார். நாற்பது வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். நோட்ரே டேம் ஆட்டத்தில் 66 புள்ளி விழுந்துகொண்டிருந்தபோது, சுற்றிலும் ஜனம் எழுந்து போய்க்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். சுருள்கம்பி போட்ட சின்ன நோட்டு. கடித்துக் கடித்து நுனி நசுங்கிய மஞ்சள் பென்சில். பக்கம் முழுக்க எண்களும் ஒற்றை எழுத்துகளும். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு முறை நம் கைக்குப் பந்து வரும்போதும் ஒரு வரி. எந்த யார்டில் தொடங்கினோம், எத்தனை முறை ஆடிப் பார்த்தோம், எப்படி முடிந்தது. அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு நானும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து கையில் வந்தால் பத்து யார்ட் முன்னேற நாலு வாய்ப்பு. முன்னேறினால் மறுபடி நாலு. இப்படியே போய் எல்லைக்குள் புகுந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பின் ஒரு உதை உதைத்து ஒரு புள்ளி எடுக்கலாம், அல்லது இன்னொரு முறை உள்ளே புகுந்து இரண்டு எடுக்கலாம். புக முடியாமல் பக்கத்தில் நின்றுவிட்டால் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி, அதுதான் ஃபீல்ட் கோல். மூன்று வாய்ப்பிலும் நகர முடியாவிட்டால் நாலாவதில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரிக்கே கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட். பந்து கைக்கு வந்ததிலிருந்து கைவிட்டுப் போவது வரை ஒரு டிரைவ்.

என் நோட்டில் ஒரு டிரைவுக்கு ஒரு வரி. வரிக் கடைசியில் 'ட' என்றால் டச்டவுன், 'ஃ' என்றால் ஃபீல்ட் கோல், 'ப' என்றால் பன்ட், 'போ' என்றால் பந்து பறிபோனது. மூன்றே முறை ஆடிவிட்டுப் பன்ட் அடித்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். தோற்கிற டீமுக்கு வட்டம் நிறைய விழும். எதிரிக்கும் எதிர்ப்பக்கத்தில் இதே மாதிரி எழுதுங்கள், நம் தடுப்பாட்டம் எப்போது மூச்சு விட்டது என்று தெரியும்.

இரண்டு வாரத்துப் பக்கங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். போன வாரம் முதல் பாதியில் ஐந்து வட்டம், இந்த வாரம் மூன்று. ஸ்கோர் பலகையில் இது தெரியவே தெரியாது. ஆனால் செவ்வாய், புதன் பயிற்சியில் யாரோ எதையோ சரிசெய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் 20 யார்டிலிருந்து தொடங்கி 12 முறை ஆடி 'ப' என்று முடிந்த ஒரு வரி கண்ணில் பட்டால், அந்த டிரைவை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். புள்ளி வரவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க நம் தடுப்பாட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

எழுதுவதற்கு நடுவே கண்ணைப் பந்தை விட்டு எடுத்து, களத்தில் நம் டீமின் முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து பேர் மேல் வையுங்கள். கபடியில் பிடிக்கிறவன் காலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். பந்து அசைந்ததும் அந்த ஐந்து பேரும் முன்னால் நகர்கிறார்களா, நின்ற இடத்தில் நிற்கிறார்களா, பின்னால் தள்ளப்படுகிறார்களா? மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். குவார்ட்டர்பேக் சொதப்புகிறான் என்று எல்லோரும் கத்தும்போது, அவனுக்குப் பந்தை எறிய இரண்டு விநாடிகூடக் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பன்ட் அடிப்பவரையும் பாருங்கள். தோற்கிற டீமில் அதிகமாக உழைக்கிற கால் அவருடையது. நன்றாக உதைத்தால் கைதட்டுங்கள். எங்கள் வரிசையில் அந்தப் பெரியவர் ஒவ்வொரு நல்ல பன்டுக்கும் எழுந்து நின்றே கைதட்டுவார்.

ஷாம்பேனில் ஒரு சனிக்கிழமை

நோட்டு எதற்கு உதவும் என்பதற்கு என் கையிலிருக்கும் சாட்சி, அக்டோபர் 12 இல்லினாய் ஆட்டம். இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் ஷாம்பேன் ஊரில் நடந்த ஆட்டம் என்பதால் வீட்டில் டிவியில் பார்த்தோம். ரயன் பிரௌன் என்ற இளைஞர் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே குவார்ட்டர்பேக்காக இறங்கினார். அதற்கு முந்தைய வாரம்தான் விஸ்கான்சினில் 6-52.

ஆட்டத்தின் நாலு குவார்ட்டரில் மூன்றாவதில் 3-27. நான் எழுந்து அரிசி களையப் போய்விட்டேன். என் பையன் தரையில் குப்புறப் படுத்து நோட்டை முன்னால் வைத்திருந்தான். "அம்மா, பந்து நகருது, வந்து எழுதுங்க." நீயே எழுது என்றேன். எழுதினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி "அம்மா!" அரிசியைத் தண்ணீரோடு அப்படியே வைத்துவிட்டு வந்து பார்த்தால் 'ட'-வுக்குக் கீழே இன்னொரு 'ட'. என் கையெழுத்தில் வட்டமாக இருந்த பக்கம் அவன் கையெழுத்தில் 'ட'-வாக மாறிக்கொண்டே வந்தது. ஆட்டம் முடிய 46 விநாடி இருக்கும்போது பர்டூ 43, இல்லினாய் 40.

அந்த 46 விநாடிக்குள் அவர்கள் ஒரு ஃபீல்ட் கோல் அடித்துச் சமன் செய்துவிட்டார்கள். ஓவர்டைம். இல்லினாய் டச்டவுன் போட்டு ஒரு புள்ளி உதையும் உதைத்து 50. அடுத்து நம் முறை. நாமும் டச்டவுன் போட்டு 49. ஒரு உதை உதைத்தால் சமம். பயிற்சியாளர் ரயன் வால்டர்ஸ் இரண்டு புள்ளிக்குப் போகச் சொன்னார். கிடைத்திருந்தால் அங்கேயே வெற்றி. கிடைக்கவில்லை.

அந்த முடிவைத் திட்டியவர்கள் நிறைய. நான் அதைச் சரியான முடிவு என்றே சொல்வேன். விதிப்படி இரண்டாவது ஓவர்டைமில் டச்டவுன் போட்டால் எப்படியும் இரண்டு புள்ளிக்குத்தான் போயாக வேண்டும். நம் தடுப்பாட்டம் அதற்குள் களைத்துப் போயிருந்தது, அது எங்கள் நோட்டின் எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது. எதிரி ஊரில், நாலு தோல்விக்குப் பிறகு, மூன்று யார்ட் தூரத்தில் வெற்றி நிற்கிறது. போகத்தான் வேண்டும்.

பையன் அன்றைக்கு அழுதான். பக்கத்தைக் கிழிக்கப் போனான், நான் விடவில்லை. அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. ஓரத்தில் என் ஈரக்கை பட்டுப் பென்சில் கலைந்திருக்கிறது.

நவம்பரில் மைதானத்துக்குப் போவது

குளிர்தான் நிறையப் பேரை விரட்டுகிறது, தோல்வி இல்லை. பெஞ்சு உலோகம், உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தை நாலாக மடித்துக் கொண்டுபோய் அதன்மேல் உட்காருங்கள். காலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டு போடுங்கள். கான்கிரீட்டின் குளிர் ஷூ வழியாக ஏறாது. இரண்டு மெல்லிய காலுறை, ஒரு தடித்த காலுறையை விட மேல். கிழக்குப் பக்க இருக்கையில் மத்தியான வெயில் முகத்தில் அடிக்கும். செப்டம்பரில் அது தொல்லை. நவம்பரில் அதைத் தேடிப் போய் உட்காருங்கள்.

உள்ளே கண்ணாடிபோல் தெளிவான பைதான் விடுவார்கள். சாப்பாட்டை வெளியே கார் நிறுத்துமிடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். இங்கே அதற்கு டெயில்கேட் என்று பெயர், அதுவே ஒரு திருவிழா. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால் பக்கத்துக் காரில் பன்றிக்கறி சுடுகிறவர்கள் வந்து பேசுவார்கள். நான் கோவில்பட்டிக்காரி, கடலைமிட்டாய் இல்லாமல் போகமாட்டேன்.

ஆட்டத்துக்கு அரை மணி முன்பே உள்ளே போய்விடுங்கள். அணிவகுப்பு வாத்தியக் குழு வரும், ஆள் உயரத்துக்கு மேலான அந்தப் பெரிய முரசு உருண்டு வரும். அதெல்லாம் டீம் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். முடியும்வரை இருங்கள். கடைசிக் குவார்ட்டரில் பாதி மைதானம் காலியான பிறகு, அதுவரை இறங்காத பையன்கள் இறங்குவார்கள். அடுத்த வருஷ டீமை இன்றைக்கே பார்ப்பதற்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. அவர்களுடைய வீட்டுக்காரர்கள் எங்கோ ஒரு மூலையில் எழுந்து நிற்பார்கள், அதையும் கவனியுங்கள்.

எங்கள் ஊர் ஹாக்கி ஊர். அப்பா என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போகும் நாளில் கடைசி விசில் ஊதாமல் சைக்கிளை எடுக்கமாட்டார். இருட்டினாலும் சரி, நம்ம பசங்க ஐந்து கோல் வாங்கியிருந்தாலும் சரி.

யாரையும் ஏசாதீர்கள்

இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். களத்தில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள். பந்தைத் தவறவிட்டவன் ஃபோனைத் தேடிப் போய்த் திட்டி எழுதுவது அசிங்கம். இப்போது வீரர்களுக்குப் பணம் கிடைக்கிறதே என்று சிலர் காரணம் சொல்வார்கள். பணம் வந்தால் வயது கூடிவிடுவதில்லை.

டெவின் மோக்கபீ என்று ஒருவர். இந்தியானா மாநிலத்தின் தென்பகுதியில் பூன்வில் என்ற சின்ன ஊர்க்காரர். உதவித்தொகை எதுவும் இல்லாமல் டீமில் வந்து சேர்ந்து, தன் உழைப்பால், பந்தைச் சுமந்து ஓடும் முதன்மை ஓட்டக்காரர் ஆனவர். 2024-ல் ஒவ்வொரு வாரமும் எதிரியின் தடுப்பாட்டச் சுவர்மேல் போய் முட்டி எழுந்து வந்தவர் அவர்தான். அவரை மாதிரி ஒருவரைத் தேர்ந்தெடுத்து சீசன் முழுக்கக் கூடவே போங்கள். டீம் தோற்றாலும் உங்களுக்குப் பார்க்க ஒரு ஆள் இருப்பார்.

சீசன் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள். இப்போதைய விதிப்படி அது எளிது. அந்த வருஷம் அதிகப் பந்து பிடித்த மேக்ஸ் கிளேர் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனார். தடுப்பாட்டத்தில் நட்சத்திரமாக இருந்த டில்லன் தீனமன் ஆரிகனுக்குப் போனார். வலித்தது. ஆனால் ஒரு வேலையிலிருந்து நல்ல வேலைக்கு மாறும் பிள்ளையை நாம் ஊரில் எப்படி அனுப்பி வைப்போமோ அப்படி அனுப்பி வையுங்கள்.

பயிற்சியாளர்கள் விஷயம் வேறு. அவர்கள் பெரியவர்கள், முடிவெடுப்பவர்கள், விமர்சிக்கலாம். நாலாவது ஆட்டத்துக்கு மறுநாளே தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளரை நீக்கினார்கள். இந்தியானாவிடம் 0-66 தோற்ற மறுநாள், டிசம்பர் 1 அன்று, வால்டர்ஸையும் நீக்கினார்கள்.

பழைய கதைகளைக் கையில் வைத்திருங்கள்

பக்கத்து இல்லினாய் மாநிலத்தில் நார்த்வெஸ்டர்ன், 1979-லிருந்து 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டம் தோற்றது. 1995 சீசனில் அதே கல்லூரி, பௌல் ஆட்டங்களிலேயே பெருமை வாய்ந்த ரோஸ் பௌலுக்குப் போனது. நம்மை 66-0 என்று அடித்த இந்தியானா, அதற்கு முந்தைய வருஷம்தான் 3-9.

நம் கதையும் ஒன்று இருக்கிறது. 2018 அக்டோபர் 20, இரவு ஆட்டம். நாட்டிலேயே இரண்டாமிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை 49-20 என்று வீழ்த்தினோம். எலும்புப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த டைலர் டிரென்ட் என்ற பர்டூ மாணவர், பர்டூ ஜெயிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு மைதானத்துக்கும் வந்திருந்தார். 2019 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். மாணவர்கள் உள்ளே போகும் வாசலுக்கு அவர் பெயர்தான். நீங்கள் டிக்கெட் வாங்கினால் அந்த வாசல் வழியாகத்தான் போவீர்கள், நின்று ஒரு நிமிஷம் அந்தப் பெயரைப் படியுங்கள்.

கடைசி ஆட்டம் எப்போதும் இந்தியானாவோடு. பரிசு ஒரு பழைய மரவாளி. 1925-லிருந்து ஜெயிக்கிற டீமின் எழுத்து அதில் ஒரு சங்கிலிக் கண்ணியாகச் சேர்கிறது. 2024-ல் சேர்ந்தது அவர்களுடைய 'ஐ'.

குளிர்காலத்தில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கல்லூரியிலிருந்து செய்தி வரும். தோற்ற வருஷத்துக்கு அப்புறம் நல்ல இருக்கைகள் காலியாக இருக்கும், அப்போது கேட்டால் கிடைக்கும். நாங்கள் அதே வரிசையையே வைத்துக்கொண்டோம். 2025 ஆகஸ்ட் 30 அன்று பால் ஸ்டேட்டோடு முதல் ஆட்டம். முன்வரிசைப் பெரியவர் புது நோட்டோடு வந்திருந்தார், அதே மஞ்சள் பென்சில் வகை. 31-0 என்று ஜெயித்தோம். அந்த வருஷமும் மொத்தம் இரண்டு வெற்றிதான். பையனுடைய நோட்டு மூன்றாவதுக்கு வந்துவிட்டது. இப்போது 'ட' போடும்போது மட்டும் பேனா எடுத்துக்கொள்கிறான்.